கைப்பட்டவனும் காப்பியமும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியே மேற்கு நோக்கிச் சென்று, கல்வராயன் மலையில் ஏறினால் வெள்ளிமலையை அடையலாம். சமவெளியில் இருப்போர்க்கு மலை என்பது வானத்தின் ஓரத்தில் தீட்டிய நீலக்கோடு. மலையில் வாழ்வோர்க்கோ அது வீடு, வயல், முன்னோர் உறங்கும் மண். ஒரே மலை, நிற்கும் இடத்தால் இரண்டாகி விடுகின்றது. வீர இலக்கியத்தைப் படிப்போர்க்கும் இந்த வேறுபாடு நினைவிலிருத்தல் வேண்டும் என்பது நம் கருத்து. வெள்ளிமலையில் நின்று சுமேரியரின் பழங்கதை ஒன்றைப் படித்துப் பார்ப்போம்.

சுமேரியர் வாழ்ந்த நாடு நமக்கு அந்நியமன்று. பக்தாது, பஸ்ரா, கூஃபா, கர்பலா என்று நம் இல்லங்களில் நாளும் ஒலிக்கும் பெயர்களைத் தாங்கிய ஈராக்கின் தென்பகுதியே அது. அங்கு வர்க்கா என வழங்கும் மண்மேடுதான் அன்றைய உரூக் மாநகரம். அந்நகர வேந்தர்களான என்மெர்கர், லுகல்பண்டா, கில்காமெஷ் ஆகியோரைப் பற்றிய கதைப்பாடல்கள் களிமண் பலகைகளில் நமக்குக் கிடைத்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை கி.மு. 18ஆம் நூற்றாண்டளவில் பள்ளி மாணவர்கள் எழுதிப் பழகிய படிகள். சாமுவேல் நோவா கிரேமர் என்னும் அறிஞர் இவற்றை ஆராய்ந்து, கிரேக்கருக்கும் இந்தியருக்கும் இருந்தது போலச் சுமேரியர்க்கும் ஒரு வீரயுகம் இருந்தது என்றார். நம் சங்கப் பாடல்களை அவ்வாறே வீரயுகப் பாடல்களாகக் கொண்டு க. கைலாசபதி 1968இல் ஆங்கிலத்தில் நூல் செய்தார்.

சுமேரியரும் தமிழரும் ஓரினத்தாரே என்று நிறுவ முயல்வோர் நம்மிடையே உளர். சுமேரியம் வேறெந்த மொழிக் குடும்பத்தோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. ஆதலின் அவ்வழி நாம் செல்லவில்லை. இரத்த உறவு தேடுவது திறனாய்வின் வேலையன்று. ஒரே கேள்விக்கு இரு நாட்டுப் புலவரும் என்ன விடை தந்தனர் என்று பார்ப்பதே அதன் வேலை.

அக்கேள்வி இது: வீரன் ஒருவனிடம் பகைவன் கைப்பட்டு நிற்கின்றான், அப்போது என்ன நிகழ்கிறது?

சுமேரியக் கதைகளில் மலை என்பது பெரும்பாலும் நகரத்தான் விரும்பும் பொருள் கிடக்கும் இடமே. என்மெர்கரின் கதையில், மலைகளுக்கு அப்பால் உள்ள அரட்டாவின் வெள்ளியும் பொன்னும் நீலமணியும் உரூக் நகரத்தின் கோயிலை அழகுசெய்ய வேண்டுமென்று தூதன் ஓடுகின்றான். கில்காமெஷ் ஹுவாவாவை வென்ற கதையோ இன்னும் ஆழமானது. ஏறத்தாழ 200 அடிகளில் அமைந்த அப்பாடலில், நகரத்து ஆற்றில் பிணங்கள் மிதந்து செல்வதைக் கண்டு கில்காமெஷ் கலங்குகின்றான். தானும் ஒருநாள் இப்படித்தானே என்னும் அச்சம் பிறக்கின்றது. சாவை வெல்ல இயலாது. பெயரையாவது நாட்டுவோம் என்று, வீடும் மனைவியும் இல்லாத 50 இளைஞரைத் திரட்டிக்கொண்டு, தேவதாரு மரங்கள் நிறைந்த மலைக்குப் புறப்படுகின்றான். அம்மலைக்குக் காவலனே ஹுவாவா.

அவனை வென்ற விதத்தை நோக்குக. நேர்நின்று பொருதா வென்றான்? இல்லை. உறவு கொள்வோம், என் தமக்கையை உனக்கு மணமுடித்துத் தருவேன் என்றெல்லாம் ஆசை காட்டி, ஹுவாவாவைக் காத்துநின்ற ஏழு பேரொளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கவர்ந்துகொண்டு, எல்லாம் இழந்து நின்றவனை அடித்துக் கட்டினான். கட்டுண்டவன் அழுதான்; கையைப் பற்றிக் கெஞ்சினான். கில்காமெஷின் நெஞ்சம் இளகியது. பிடிபட்ட பறவை கூடு திரும்புவதுபோல் இவனும் திரும்பட்டுமே என்று எண்ணினான். உடனிருந்த என்கிடு அதற்கு இடந்தராமல் அவன் கழுத்தை அறுத்தான். தலையைத் தோற்பையிலிட்டு, அம்மக்கள் தலைமைத் தெய்வமாகக் கொண்டிருந்த என்லிலின் முன் வைத்தபோது கிடைத்தது பாராட்டன்று, கடுஞ்சினம். அவனை உடனிருத்தி உணவும் நீரும் தந்து மதித்திருக்க வேண்டாமா என்பதே கேள்வி.

இப்பாடலின் பெருமை வெற்றியைப் பாடியதில் இல்லை; வெற்றியின்மேல் விழுந்த பழியை மறைக்காமல் வைத்ததில் உள்ளது. தம் வேந்தனைப் புகழவந்த பாடலில், அவன் வஞ்சித்தான் என்பதையும் அவன் இரக்கம் செயலாகவில்லை என்பதையும் பதிய ஒரு நேர்மை வேண்டும். குறையும் உண்டு. கண்டனம் மேலிருந்து, காலங்கடந்து வருகின்றது. மலை இழந்ததை மலையின் குரலில் நாம் கேட்பதேயில்லை.

அக்குரலைத் தமிழில் கேட்கின்றோம். மூவேந்தரும் முற்றுகையிட்ட பறம்பு மலை வீழ்ந்தபின், பாரியை இழந்த கபிலர் அம்மலையை நோக்கிப் பாடியவை புறநானூற்றில் உள்ளன. வென்றோர் பெயர் விளங்கவில்லை அங்கே. தோற்ற மலையின் சுனையும் பனியும் விளங்குகின்றன. அந்தக் கபிலர் உயிர் நீத்த இடமாகச் சொல்லப்படுவது இதே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர். பாரி மகளை மலையனுக்கு அளித்துவிட்டு அவர் தீப்புகுந்தார் என்று அவ்வூர் வீரட்டானேசுவரர் கோயிலில் இராசராசன் காலத்துக் கல்வெட்டு கூறுகின்றது.

ஆயினும் தமிழரைத் தூக்கிச் சுமேரியரைத் தாழ்த்துவது நம் நோக்கமன்று. அதே திருக்கோவலூரின் தலைவன், கபிலரே பாடிய வள்ளல் மலையமான் திருமுடிக்காரி, ஓரியைக் கொன்று அவனுடைய கொல்லி மலையைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறும். பெண்ணையாற்றங்கரையிலும் ஒரு கில்காமெஷ் இருந்தான். அவன் கொடையைப் போற்றும் நாம், கொடுக்கப்பட்ட மலை யாருடையது என்று கேட்டோமா?

இரக்கம் எண்ணத்தோடு நின்றுவிட்ட கதை அங்கே. துயரம் பாட்டாக எஞ்சிய கதை இங்கே. உரிய நேரத்தில் அது செயலான காட்சியை 17ஆம் நூற்றாண்டின் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் வைத்தார். மானுக்குப் பிணைநின்ற படலத்தை அறியாதார் நம்மில் யார்? வேடன் வலையில் பட்ட மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கின்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தாமே பிணையாக நிற்கின்றார்கள். மான் சொன்னபடி மீள்கின்றது. வேடன் உள்ளம் மாறுகின்றான். கட்டுண்ட உயிருக்காகத் தம்மைப் பிணையாக வைத்ததே இங்கே வீரம். படைப்போர் இலக்கியங்களை ஆர்வத்தோடு ஓதிய நம் முன்னோர், அவற்றோடு இப்படலத்தையும் நெஞ்சில் வைத்திருந்தனர் என்பது சிறு செய்தியன்று.

மீண்டும் வெள்ளிமலைக்கு வருவோம். அங்கு வாழும் மலையாளி மக்கள், காஞ்சியிலிருந்து வந்த உடன்பிறந்தாரின் வழியினர் தாம் என்று வாய்மொழியாய்க் கூறுவர். அவர்கள் நெடுங்காலம் ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்தனர். 1976இல்தான் அந்நிலை முடிவுற்றது. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. ஏடுகளில் அம்மக்கள் புகுந்ததெல்லாம் பெரும்பாலும் சமவெளியார் எழுதுகோல் வழியே. ஹுவாவாவின் கதையை ஹுவாவா சொன்னால் எப்படியிருக்கும் என்று கேட்கத் தெரிந்தவர்க்கு, அவர்தம் பாடல்களைச் செவிகொடுத்துக் கேட்கும் கடமையும் உண்டு.

வீரக்கதைகளை வேண்டாமென்று நாம் கூறவில்லை. இரவில் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லும் பெற்றோர், கதை முடிந்ததும் ஒன்று கேட்கட்டும்: கைப்பட்டவன் என்ன ஆனான்? அந்த ஒரு வினாவுக்கு நாணாமல் விடைசொல்லக்கூடிய காப்பியமே காலத்தை வெல்லும்.