பந்து மின்னலும் பக்கத்து மின்கம்பியும்

பந்து மின்னல் பற்றிப் பேச்செடுத்தாலே, "அதைத்தான் சீனாக்காரங்க கண்டுபிடிச்சிட்டாங்களே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். 2014-இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் வந்த கட்டுரையைத்தான் சொல்கிறார்கள். நல்ல கட்டுரைதான். ஆனால் அதன் தலையில் ஏற்றுகிற பாரத்தை அது தாங்காது என்பது என் கட்சி.

2012 ஜூலையில் சிங்ஹாய் பீடபூமியில், சாதாரண மின்னலின் நிறமாலையைப் பிடிக்க லான்ஜோ நகரத்து ஆய்வாளர்கள் கருவிகளோடு காத்திருந்தார்கள். சுமார் 900 மீட்டர் தள்ளி ஒரு மின்னல் தரையில் இறங்கியது. அதைத் தொடர்ந்து ஓர் ஒளிப்பந்து தோன்றி 1.64 நொடி ஒளிர்ந்து அணைந்தது. நிறமாலையில் சிலிக்கான், இரும்பு, கால்சியம். மூன்றுமே மண்ணில் இருப்பவை. மின்னல் தாக்கிய மண்ணிலிருந்து சிலிக்கான் ஆவியாகி, நுண்துகள்களாகத் திரண்டு, காற்றில் மெதுவாக எரிவதுதான் பந்து மின்னல் என்று நியூசிலாந்தின் ஏப்ரகாம்சனும் டின்னிஸும் 2000-லேயே நேச்சரில் எழுதியிருந்தார்கள். ரெண்டையும் முடிச்சுப் போட்டாச்சு, கேஸ் முடிஞ்சது.

இங்கதான் கொஞ்சம் நிக்கணும். தரையில் இறங்கும் மின்னல் எதுவானாலும் கொஞ்சம் மண்ணை ஆவியாக்கத்தான் செய்யும். எது ஒளிர்ந்தது என்று நிறமாலை சொல்லிவிட்டது. ஒன்றரை நொடிக்கு மேல் அது ஏன் அணையாமல் இருந்தது, அதற்கான ஆற்றல் எங்கிருந்து வந்தது? லாகில் எந்த ஃபங்ஷன் ஓடியது என்று தெரிந்ததும் பக்கை மூடிவிடுகிற ஆட்களோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கட்டுரையிலேயே இன்னொரு தகவல் இருக்கு. பந்தின் ஒளி நொடிக்கு 100 முறை கூடிக் குறைந்திருக்கிறது. சீனாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒவ்வொரு சுற்றிலும் மின்னழுத்தம் இரண்டு முறை உச்சம் தொடும். ஆக 100. பந்து தோன்றிய இடத்துக்குப் பக்கத்திலேயே 35 கிலோவோல்ட் மின்கம்பி போகிறது! ஆய்வாளர்கள் இதை மறைக்கவில்லை, அதற்கு ஒரு சபாஷ். ஆனால் கம்பியின் மின்புலம் பந்துக்குத் தீனி போட்டதென்றால், கம்பியே இல்லாத காலத்தில் பார்க்கப்பட்ட பந்துகளுக்குத் தீனி போட்டது எது?

அப்புறம் ஜெனிசன் இருக்கிறார், ரேடியோ வானியலாளர். 1963 மார்ச்சில் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் போன விமானத்துக்குள், விமானி அறைப் பக்கமிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் அகலப் பந்து ஒன்று நடைபாதை வழியே மிதந்து போனதைப் பார்த்தவர். 1969-இல் நேச்சரில் எழுதினார். ஆகாயத்தில், உலோகக் கூட்டுக்குள் மண் எப்படி வந்தது? ஒருத்தர் பார்த்ததுதானே என்று தள்ளலாம். கையில் இருக்கும் அந்த நிறமாலையும் ஒரே ஒரு பந்தினுடையதுதான்.

பல கோளாறுகளுக்கு ஒரே எரர் மெசேஜ் வருகிற மாதிரி, பந்து மின்னல் என்ற பெயருக்குள் பல விஷயங்கள் ஒளிந்திருக்கலாம் என்பது என் சந்தேகம். (கப்பல் கம்ப முனையில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் எல்மோ நெருப்பைக்கூடச் சிலர் இதில் சேர்த்துவிடுகிறார்கள்.)

மண் கோட்பாட்டை நான் ஒதுக்கவில்லை. பிரேசிலில் சிலிக்கான் தகட்டின் மேல் மின்வில் உண்டாக்கி, 8 நொடி வரை ஒளிர்ந்த சிறு பந்துகளை 2007-இல் காட்டியிருக்கிறார்கள். எனக்கு வேண்டியது இன்னொரு நிறமாலை, மின்கம்பி எதுவும் இல்லாத பொட்டல்வெளியிலிருந்து.