மூக்கு தூக்கும் சீட்

பழைய சைக்கிளுக்கு விலை குறைந்த தோல் சீட் வாங்க நினைக்கிறவர்கள் எல்லோரும் தோலைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். கிழியுமா, தொங்கிப்போகுமா, மழையில் நாறுமா? ஒரு மழைக்காலம் முழுக்க மைசூரு தெருக்களில் அப்படி ஒரு சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். தோல் மேல் எனக்குப் பெரிய புகார் எதுவும் இல்லை. அதைத் தாங்கும் இரும்போடுதான் சண்டை, அதிலும் ஒரு கிளாம்ப்போடு.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அம்பத்தூர் ஹெர்குலஸ்; 22 அங்குல ஃபிரேம், கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம். முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் பிள்ளை. அசன்சோலில் செய்த சென்-ராலேவுக்கு உருகுகிறவர்கள் உண்டு, லூதியானா வண்டிதான் மூட்டை தாங்கும் என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. எனக்கு அம்பத்தூர்தான். கோட்டம் எடுத்து, பால்ரஸ் மாற்றி, ஓவராயில் செய்தாயிற்று. உரிந்த பச்சை பெயிண்டை அப்படியே விட்டுவிட்டேன். புதுப் பெயிண்ட் அடித்த பழைய வண்டியைப் பார்த்தால் எனக்குத் தலைக்குச் சாயம் பூசிய மாப்பிள்ளை ஞாபகம்தான் வரும். பாக்கி இருந்தது சீட் மட்டும்.

இந்த ரக வண்டிகளுக்கு ஒரு காலத்தில் தோல் சீட்தான் வழக்கம். பிறகு ரெக்சின் வந்தது, உள்ளே ஸ்பாஞ்ச். ரெக்சின் சீட் புதிதில் சொகுசாகத்தான் இருக்கும். ஒரு கோடையில் வெடித்து, அடுத்த மழையில் தண்ணீர் குடித்து, அதன் பிறகு உட்காரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும். வெயில் காய்கிற நாளிலும் பின்பக்கம் ஈரத்தோடு அலுவலகத்துக்குள் நுழைவது எப்படி என்று ஒரு தலைமுறைக்கே இந்த சீட்தான் கற்றுக்கொடுத்தது. அதை மறைக்கக் குஞ்சம் வைத்த உறை. உறை நனையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் பை. இவ்வளவு சிரமப்பட்டுக் காப்பாற்ற வேண்டிய பொருளா அது?

தோல் சீட் என்றதும் புரூக்ஸ் பெயரைத்தான் சொல்வார்கள். பர்மிங்ஹாமில் 1866-ல் ஜான் போல்ட்பி புரூக்ஸ் தொடங்கிய தோல் பட்டறை அது. 1882-ல் சைக்கிள் சீட்டுக்கு முதல் காப்புரிமை வாங்கினார்கள். 1890-களில் வந்த பி17 என்ற மாடலை இன்றைக்கும் விற்கிறார்கள். 2002-ல் இத்தாலியின் செல்லே ராயல் நிறுவனம் வாங்கிய பிறகும் அந்த மாடலின் உருவம் மாறவில்லை. நல்ல சீட்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நம் ஊருக்கு வந்து சேரும்போது பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிவிடுகிறது. என் வண்டியை ஓவராயில் செலவோடு சேர்த்து விற்றாலும் அந்தப் பணம் தேறாது. புரூக்ஸ் வைத்திருக்கிறவர்கள் டீக்கடையில் கூட சீட்டைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறேன். அந்த வாழ்க்கை எனக்கு வேண்டாம்.

ஆகவே பெயரில்லாத உள்நாட்டு சீட், ஆயிரத்துச் சொச்சம் ரூபாய். எருமைத் தோல் என்றார் விற்றவர். அமைப்பு புரூக்ஸின் பழைய ஸ்பிரிங் சீட்டேதான். முன்னால் மூக்கிலிருந்து பின்னால் இருக்கும் வளைந்த தகடு வரை ஒரே தோலை இழுத்து ரிவிட் அடித்திருக்கிறார்கள். கீழே மெத்தை எதுவும் கிடையாது. உட்காருகிறவரின் எடைக்கும் எலும்புக்கும் ஏற்பத் தோல் தானே பள்ளம் விழுந்து பழகிக்கொள்ள வேண்டும். அதற்குத் தோலின் பதனீடு சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் மலிவு சீட்டுகள் ஏமாற்றும் என்று எதிர்பார்த்தேன்.

சோதிப்பது சுலபம். சீட்டைக் கவிழ்த்து, தோலின் வெட்டு விளிம்பைப் பாருங்கள். உள்வரை ஒரே பழுப்பு என்றால் பட்டையில் பதனிட்ட தோல். நடுவில் சாம்பலும் நீலமுமாக ஒரு கோடு ஓடினால் குரோம் தோல். குரோம் தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும், காலணிக்கு நல்லது. ஆனால் ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே போகும். சீட்டுக்கு ஆகாது. மேலே கறுப்பு வார்னிஷ் பூசி வருகிற சீட்டுகளை நான் தொடுவதே இல்லை. விளிம்பையும் சேர்த்துப் பூசி மூடிவிடுகிறார்கள். சாயம் போடாத தேன் நிறம்தான் வாங்க வேண்டும். என் சீட்டின் விளிம்பு நல்ல பழுப்பு.

பட்டைப் பதனீடு நம் பக்கத்துக் கைவேலை என்பதால் எனக்கு இதில் தனி சந்தோஷம். திருச்சி, திண்டுக்கல், ஈரோடு, பல்லாவரம் என்று பழைய சென்னை மாகாணம் முழுக்க ஆவாரம்பட்டையில் ஊறவைத்த தோல் கப்பலேறிப் போனது. ஆவாரைத் தோல் வெயிலில் சிவந்துபோகும் என்பதால் கடைசியில் கடுக்காய் நீரில் ஒரு முக்கு முக்குவார்கள். பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்து ஆவாரையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. குரோம் பதனீட்டை 1900-களின் தொடக்கத்தில் சென்னையில் முயன்று பார்த்தவர் ஆல்ஃபிரட் சாட்டர்டன். கிணற்றில் இறைக்கிற கவலைத் தோல் தண்ணீரில் சீக்கிரம் அழுகாமல் இருக்க வேண்டும் என்பது அவருடைய நோக்கங்களில் ஒன்று. அதே சாட்டர்டன் பின்னால் மைசூர் சமஸ்தானத்தின் தொழில்துறைக்குத் தலைவராக இங்கே வந்தார்; சந்தன எண்ணெய்த் தொழிற்சாலை வந்ததில் அவருக்குப் பங்கு உண்டு. நாற்றம் பிடித்த தொட்டிகளிலிருந்து சந்தன மணத்துக்கு மாறிய அதிர்ஷ்டசாலி.

சரி, ஓட்டம். என் வழக்கமான சுற்று குக்கரஹள்ளி ஏரி, மானசகங்கோத்ரி வளாகம், போகாதி சாலை, திரும்பும்போது தேவராஜ மார்க்கெட். முதல் சில நாட்கள் பலகைமேல் உட்கார்ந்தது போலவே இருந்தது. பிறகு ஒரு காலையில், எப்போது என்று குறித்துச் சொல்ல முடியாமல், சீட் இருப்பதே மறந்துபோனது. உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் நேராக இரண்டு சிறு பள்ளங்கள். 2017-ல் 450 சைக்கிள்களோடு இந்த ஊரில் தொடங்கிய ட்ரிண் ட்ரிண் வாடகை வண்டியையும் இதே சுற்றில் ஓட்டிப் பார்த்தேன். அரை மணிக்குள் முடிகிற சவாரிக்கு மெத்தை சீட் ஒன்றும் குறையில்லை. அதற்கு மேல் போனால் தோல் ஜெயிக்கிறது, காரணம் எளிது. வியர்வையை இழுத்துக்கொள்கிறது, சூடு ஏறுவதில்லை.

இவ்வளவும் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் மூக்கு.

பழைய ரோட்ஸ்டர் வண்டியில் சீட் பில்லர் வெறும் குழாய்தான். சாய்வைக் கூட்டிக் குறைக்கும் வேலை முழுக்க சீட்டோடு வரும் கிளாம்ப்பின் பொறுப்பு. குறுக்கே ஒரு போல்ட், இரண்டு பக்கமும் நட்டு, நடுவில் பல் வெட்டிய வில்லைகள். நட்டை முறுக்கும்போது எதிரெதிர்ப் பற்கள் கடித்துக்கொண்டு சீட்டை ஒரே கோணத்தில் நிறுத்த வேண்டும். என் கிளாம்ப்பில் பற்கள் இருந்தன, பேருக்கு. மேலே தடியாகப் பூசிய நிக்கல் பள்ளங்களைப் பாதி நிரப்பிவிட்டிருந்தது. மீதிப் பாதியைப் பதம் ஏறாத இரும்பு பார்த்துக்கொண்டது.

இந்த வண்டியில் ஹேண்டில் பார் உயரம். ஓட்டுகிறவர் நிமிர்ந்து உட்காருவார். உடம்பின் பாரம் முழுக்க சீட்டின் வாலில் விழும். மைசூரில் வேகத்தடைக்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு தடையிலும் வால் அமுங்குகிறது, கிளாம்ப் ஒரு பல் நழுவுகிறது, மூக்கு ஒரு பல் எழும்புகிறது. போகாதி சாலைக்கு வருவதற்குள் மூக்கு ஆகாயத்தைப் பார்க்கும். அதற்குப் பிறகு ஓட்டுவது எப்படி இருக்கும் என்பதை ஆண் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கும் அது ஒன்றும் சுகமாக இருக்காது. நடுரோட்டில் இறங்கி, இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்து அமுக்கினால் கடக் கடக் என்று இறங்கும். கையால் அமுக்கி இறங்குகிற சீட் தொடையால் அமுக்கினால் ஏறாமல் இருக்குமா?

இன்னும் இறுக்கினால் சரியாகிவிடும் என்பது எல்லோரும் சொல்கிற யோசனை. இறுக்கினேன். போல்ட் இழுபட்டு மரை வழுக்க ஆரம்பித்தது. உள்ளூர் ஹார்டுவேர் கடையில் நல்ல போல்ட் வாங்கிப் போட்டேன். போல்ட் நின்றது, பல் நிற்கவில்லை. பழைய டியூபை வட்டமாக வெட்டி வில்லைகளுக்கு நடுவில் வைத்தால் பிடிக்கும் என்றார் ஒருவர். பிடித்தது. முதல் சாரலில் ரப்பர் வழவழத்து, வழக்கத்தை விட வேகமாக மூக்கு எழும்பியது.

மண்டி மொஹல்லா பக்கம் ஒரு வயதான மெக்கானிக். ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்து 1996-ல் மூடிய ஐடியல் ஜாவா ஆலை இந்த ஊருக்கு விட்டுப்போன சொத்து, இரும்பைக் கையில் எடுத்ததும் எடை போடத் தெரிந்த இந்த மாதிரி மனிதர்கள்தான். கிளாம்ப்பைக் கழற்றி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கட்டைவிரல் நகத்தால் வில்லையைச் சுரண்டிப் பார்த்தார். “ஹல்லே இல்வல்லா ஸார்” என்றார். பல்லே இல்லையாம். முக்கோண அரத்தை எடுத்து ஒவ்வொரு பள்ளமாக ராவி ஆழப்படுத்திக் கொடுத்தார். இரண்டு வாரம் ஒழுங்காக நின்றது. பிறகு ராவிய பற்களும் மழுங்கின. அவர் வேலையில் குற்றமில்லை. அந்த இரும்புக்கு அவ்வளவுதான் ஆயுசு.

கடைசியில் வழி அவரே சொன்னார். பழைய இரும்புக் கடையில் செத்துப்போன சீட் ஏதாவது கிடக்கும், தோல் போயிருந்தாலும் பரவாயில்லை, கிளாம்ப்பை மட்டும் கழற்றி வாருங்கள். சாக்குக் குவியலில் தேடிக் கிடைத்தது துருவேறிய ஒரு கிளாம்ப். எந்தக் கம்பெனி என்று கூடத் தெரியவில்லை. மண்ணெண்ணெயில் ஒரு ராத்திரி ஊறப்போட்டுத் தேய்த்தால், உள்ளே பற்கள் நேற்று வெட்டியவை போல. மாட்டி, அளவாக முறுக்கினேன். அன்றிலிருந்து மூக்கு அசையவில்லை. அதற்கு நான் கொடுத்த விலை ஒரு ஃபில்டர் காப்பியை விடக் கொஞ்சம் அதிகம். இவ்வளவு சின்ன உருப்படியில் நாலு காசு மிச்சம் பிடிக்கப் போய், நல்ல தோலைப் பதனிட்டு வெட்டியவர்களின் உழைப்பைக் கெடுக்கிறார்களே என்று இன்றைக்கும் ஆத்திரமாக இருக்கிறது.

மற்ற குறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ரிவிட்டுகள் புரூக்ஸின் விலை உயர்ந்த மாடல்களில் போல் செம்பில் அடித்தவை அல்ல, பூசிய இரும்பு. துருவின் முதல் புள்ளி அங்கேதான் வரும். ஸ்பிரிங் முனகும், தொடும் இடங்களில் கிரீஸ் தடவினால் அடங்கும். மூக்கின் அடியில் இருக்கும் டென்ஷன் நட்டு எந்த ஸ்பேனருக்கும் சரியாகப் பொருந்தாத அளவு. அதைத் தொடாமல் விடுவதே நல்லது. தோல் வெளிப்படையாகத் தொங்கினால் மட்டும் கால் திருகு. பக்கவாட்டுத் தோல் இரண்டும் வெளியே விரிந்து தொடையில் உரசியது. சிக்க கடியார மணிக்கூண்டு அருகே செருப்பு தைக்கும் பெரியவர் இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, அடிவழியாக ஷூ லேஸைக் குறுக்கும் நெடுக்குமாகக் கோத்து இழுத்துக் கட்டினார். சீட்டின் உருவமே மாறியது. பெரிய பிராண்டுகள் இதே வேலையை ஆலையிலேயே செய்து தனி மாடலாக விற்கின்றன.

எண்ணெய் விஷயத்தில் எல்லோருக்கும் அவசரம். தேங்காய் எண்ணெயை ஊற்றி ஒரே நாளில் பழக்கிவிடலாம் என்பார்கள். பழகாது, தொங்கும். மேல்பக்கம் லேசாக மெழுகு. அடிப்பக்கம், ஈரம் ஏறும் முரட்டுப் பக்கம், இன்னும் கொஞ்சம். மைசூரில் ஜூன், ஜூலைச் சாரல் பயப்படுத்தாது, நனைத்துக்கொண்டே இருக்கும். மே மாதத்தையும் செப்டம்பர், அக்டோபரையும் பற்றித்தான் கவனம் வேண்டும். அந்த மழையில் நனைந்த சீட்டில் உட்கார்ந்தால் தோல் நிரந்தரமாகத் தொங்கிவிடும். நனைந்தால் நிழலில் காயவிட்டு நடந்து போங்கள். பின் மட்கார்டு இருக்கும் வண்டியில் கீழிருந்து சேறு அடிக்காது. அதை அழகுக்காகக் கழற்றுகிறவர்கள் தோல் சீட் வாங்கக் கூடாது.

புதுக் காலத்து சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கிளாம்ப் தொல்லை இல்லை. சாய்வைத் திருத்தும் பூட்டு அவர்களுடைய பில்லரிலேயே இருக்கிறது. ஆனால் சீட்டின் அடிக் கம்பி இரண்டாக இருக்க வேண்டும், 7 மில்லிமீட்டர் தடிமன். ரோட்ஸ்டருக்கான நாலு கம்பி சீட் அதில் உட்காராது, வாங்கும் முன் கவிழ்த்து எண்ணிப் பாருங்கள். பழைய வண்டிக்காரர்கள் முதலில் பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். பல் உள்ள கிளாம்ப் கையில் வந்த பிறகு சீட்டுக்கு ஆர்டர் போட்டால் போதும்.