பீதோவனின் ஐந்தாஞ் சிம்பொனி: அமைப்பும் கருவியாட்சியும்

மேனாட்டுப் பல்லிய இசையுள் பீதோவனின் ஐந்தாஞ் சிம்பொனியளவு பலரால் அறியப்பட்ட உருப்படி பிறிதொன்று இல்லை எனலாம். ஆயின், அப்பலரும் அறிந்தது பெரும்பாலும் அதன் தொடக்கத்து நான்கு சுரங்களையே. அச்சுரங்கள் விதி கதவைத் தட்டும் ஓசையைக் குறிப்பன என்று பீதோவனே உரைத்ததாக ஒரு கதை வழங்குகின்றது. அதனைப் பரப்பியவர் அவருடைய எழுத்தராக இருந்த அந்தோன் ஷிண்ட்லர். 1840ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய வரலாற்று நூலே அதற்கு மூலம். செவிப்புலன் இழந்த பீதோவனோடு பிறர் எழுதி உரையாடிய குறிப்பேடுகளில், அவர் இறந்த பின்னர் ஷிண்ட்லர் தாமே பல செய்திகளை எழுதிச் சேர்த்தமை 1977இல் ஆய்வாளரால் வெளிப்படுத்தப்பட்டது. இடைச்செருகல் என்பது நம் ஏட்டுச்சுவடிகளுக்கு மட்டும் உரிய நோய் அன்று போலும். பீதோவனின் மாணாக்கர் செர்ணியோ, அச்சுரங்கள் ஒரு சிறு பறவையின் கூவலிலிருந்து பிறந்தவை என்றார். விதியாயினும் ஆகுக, பறவையாயினும் ஆகுக. இக்கதைகள் இசையைக் கேட்டற்கு உதவுவதிலும் கேளாதிருத்தற்கே பெரிதும் உதவுகின்றன. கதையை அறிந்தவன் நான்கு சுரங்களைக் கேட்டதும் பொருள் விளங்கிற்று என அமைந்து, மாளிகையின் வாயிற்படியிலேயே நின்றுவிடுகின்றான்.

இச்சிம்பொனி 1804 முதல் 1808 வரையான காலத்தில் உருவாகி, 1808 திசெம்பர் 22ஆந் திகதி வியன்னா நகரில் அரங்கேறியது. அன்றைய நிகழ்ச்சி ஏறத்தாழ நான்கு மணி நேரம் நீடித்தது. ஆறாஞ் சிம்பொனியும் அன்றே அரங்கேறியது. குளிரிற் களைத்திருந்த அவையினர் இதன் அருமையை உணர்ந்திலர். 1810இல் ஹொவ்மன் எழுதிய திறனாய்வே இதன் கட்டமைப்பை முதன்முதல் நுணுகி நோக்கியது.

தொடக்கத்தைச் சிறிது உற்று நோக்குவோம். மூன்று குறிலும் ஒரு நெடிலுமாய் அமைந்த அந்நாற்சுரத் தொடரை நரம்புக்கருவிகளும் கிளாரினெற்றும் மட்டுமே இசைக்கின்றன. திரம்பெற்றும் திம்பனி முழவும் மௌனமாய் இருக்கின்றன. எல்லாக் கருவிகளும் ஒரே சுரத்தையே ஒலித்தலால் ஒத்திசைவு என்பது அங்கே இல்லை. அதனால், இசை சி மைனரில் நிற்கின்றதா, ஈ பிளாற் மேஜரில் நிற்கின்றதா என்பது முதற் கணத்தில் துணிய முடியாதிருக்கின்றது. பேரோசையாய்த் தோன்றும் அவ்விடம் உண்மையில் ஓர் ஐயப்பாடே. அவ்வையத்திலிருந்து முதற்பகுதி முழுவதும் வளர்கின்றது.

அப்பகுதி சொனாட்டா அமைப்பினது. எடுத்துரைப்பு, விரிவு, மீள்கூற்று, இறுதிக்கூறு என்னும் நான்கும் ஏறக்குறைய 125 தாளவட்டங்கள் வீதம் ஒத்த அளவின. இறுதிக்கூறு என்பது முன்னோர் கையில் ஒரு சிறு வால்போல் இருந்தது. ஈண்டு அது விரிவுக்கு நிகராய் வளர்ந்து, முடிந்துவிட்டது என்று எண்ணிய போரை மீண்டுந் தொடக்குகின்றது. மீள்கூற்றின் தொடக்கத்தில், அனைத்துக் கருவிகளும் ஓய, ஓபோ ஒன்று மட்டும் ஒரே தாளவட்டத்துள் தனித்துப் புலம்பும் இடம் கேட்போர் நெஞ்சை விட்டு நீங்காதது.

இப்பகுதியில் ஒரு கருவிச் சிக்கல் உண்டு. எடுத்துரைப்பில் இரண்டாம் பொருளுக்குக் கட்டியங் கூறுவன கொம்புகள். மீள்கூற்றில் அதே அழைப்பு சி மேஜருக்கு மாறி, பசூன்களிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அக்காலக் கொம்புகளுக்கு அடைப்பான்கள் இல்லை. ஈ பிளாற்றில் அமைந்த கொம்பு அச்சுரங்களைத் தெளிவாக ஒலிக்க இயலாது. ஆதலின், பிற்காலத்து இசைநடத்துநர் பலர் அவ்வழைப்பை மீண்டுங் கொம்புகளுக்கே கொடுத்தனர். பீதோவன் விரும்பியதையே தாம் நிறைவேற்றுவதாக அவர்கள் எண்ணினர். எம் கருத்து வேறு. சிம்பொனி முழுவதும் சி மேஜர் என்னும் ஒளியை நோக்கிச் செல்கின்றது. அவ்வொளி முதலிற் றோன்றும் இடங்களிலொன்று இது. அங்கே அது நிலைபெறாது. இறுதிக்கூறு மீண்டும் சி மைனரிலேயே வீழ்கின்றது. நிலைபெறாத ஒளிக்குப் பசூனின் மெலிந்த, சற்றே கரகரத்த குரல் பொருந்துவதுபோலக் கொம்பின் வீறு பொருந்துமா? காரணம் கருவியின் குறையே ஆகலாம், விளைவு குறையன்று.

இரண்டாம் பகுதியின் இனிய இசையை வியோலாக்களும் செலோக்களும் தொடங்குகின்றன. அதனிடையே திரம்பெற்றுகள் சி மேஜரில் முழங்குகின்றன; முழக்கம் உடனே நரம்புக்கருவிகளின் மெல்லொலியிற் கரைந்துபோகின்றது. இஃது இரண்டாம் முயற்சி. மூன்றாம் பகுதியிற் கொம்புகள் அந்நாற்சுரத் தாளத்தை வேறு கதியில் உரத்து ஒலிக்கின்றன. நடுவிற் செலோவும் டபிள்பாஸும் சி மேஜரிற் கனத்த நடையோடு பாய்வது மூன்றாம் முயற்சி. பின்னர், உரத்தொலித்த இசையே விரலாற் சுண்டும் நரம்புகளிற் பேயுருப்போல மீள்கின்றது. அடுத்து, நரம்புகள் ஒரே சுரத்தைப் பற்றி நிற்க, திம்பனி மட்டும் தாழ்ந்த குரலிற் றட்டிக்கொண்டே இருக்கின்றது. ஏறத்தாழ 50 தாளவட்டம் இந்நிலை நீடிக்கின்றது. இடையீடின்றி நான்காம் பகுதி திறக்கின்றது.

அங்கே மூன்று திரொம்போன்களும் பிக்கலோவும் இரட்டைப் பசூனும் முதன்முறையாக வாய்திறக்கின்றன. மூன்று பகுதி முழுவதும் அக்கலைஞர் மேடையிற் சும்மா இருந்தனர் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். சிம்பொனியில் திரொம்போனை முதலிற் சேர்த்தவர் பீதோவனே என எழுதுவோர் உளர். சுவீடனிற் பணியாற்றிய எகேர்ட் 1807இலேயே சேர்த்துவிட்டார். முதன்மை அன்று இங்குப் பொருள், காத்திருத்தலே பொருள். மிக உயர்ந்த ஒலியும் மிகத் தாழ்ந்த ஒலியும் ஒருங்கே புதிதாய் வந்து சேர்தலால், அரங்கின் கூரை உயர்ந்து தளமும் ஆழ்ந்ததுபோன்ற உணர்வு பிறக்கின்றது. சி மேஜர் வென்றது என்பதைச் சுரநிலை கூறுமுன்னரே ஒலியின் நிறம் கூறிவிடுகின்றது.

இதனோடு இறவேலின் ‘பொலேரோ’வை ஒப்பிடல் தகும். 1928இற் பாரிசில் அரங்கேறிய அதில், ஒரே முழவுத் தாளம் 169 முறை மீள, இரண்டே மெட்டுகள் கருவி மாறி மாறி வருகின்றன. விரிவு இல்லை, முடிவையொட்டிய ஒரு சிறு திருப்பம் வரை சுரநிலை மாற்றமும் இல்லை. ஒரு கொம்பு மெட்டை இசைக்க, அதன்மேல் இரண்டு பிக்கலோக்கள் வேறு வேறு சுரநிலைகளில் அதையே இசைக்கும் இடத்திற் புதியதொரு கருவியே பிறந்தது போலாகின்றது. அங்கே கருவியாட்சியே கட்டடம். வியக்கத்தக்க திறமைதான்; ஆயினும் அடுத்து எக்கருவி வரும் என்பதன்றி வேறொன்றையும் நாம் எதிர்நோக்குவதில்லை. பீதோவனிடத்திலோ கருவியின் வரவு ஒரு வினாவுக்கு விடையாகின்றது.

அவ்விடையையும் அவர் ஒருமுறை ஐயுறுகின்றார். நான்காம் பகுதியின் நடுவில் மூன்றாம் பகுதியின் பேயுரு மீண்டும் மெல்ல எட்டிப்பார்க்கின்றது, திரொம்போன்கள் அடங்குகின்றன. அதன் பின்னரே வெற்றி உறுதியாகின்றது. இறுதியில் 29 தாளவட்டம் சி மேஜர் ஒன்றையே மோதி மோதி முடிப்பதை மிகையென்று குறைகூறுவோர் உளர். முடிவை மட்டும் தனியே எடுத்துக் கேட்பின் அஃது மிகையே. முதற்பகுதியிலும் இரண்டிலும் மூன்றிலும் கைக்கெட்டி நழுவிய அச்சுரநிலையை நினைவிற் கொண்டு கேட்பவனுக்கு 29 அதிகமாகத் தோன்றாது.