குடத்துக்குள் விழாத பெயர்கள்

கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் தென்னிந்திய வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது 1955இல். போட்டித் தேர்வுக்காரர்கள் இன்னும் அதைப் புரட்டுகிறார்கள். ஆதிகாலம் தொடங்கி விஜயநகர வீழ்ச்சிவரை ஒரே நூலுக்குள் கட்டித் தந்தது லேசான காரியமல்ல. எம்.ஏ. தமிழ் படித்த எனக்குக் கன்னட, தெலுங்கு இலக்கியங்களை அறிமுகப்படுத்தியதே அதுதான்.

சிக்கல் சோழர் பகுதியில். ஊர், சபை, நகரம் என்று பிரித்துக் கிராமத் தன்னாட்சியை நூல் மெச்சுகிறது. மாணவன் 'குடவோலை என்பது ஜனநாயகம்' என்றெழுதி மார்க் வாங்கிவிடுகிறான். உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டைப் பாருங்கள்: கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி. இவை இருந்தால்தான் குடத்தில் பெயர் விழும். (அரைக்கால் வேலிக்காரனுக்கும் சலுகை உண்டு, அவன் வேதத்தை விளக்கிச் சொல்லவும் வேண்டும்!) அது பிராமணர் சபை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளிலோ, வரி நீங்கலான நிலங்களின் பட்டியலில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் கிடக்கின்றன. அங்கே குடியிருந்தவனின் பெயர் எந்தக் குடத்தில் விழுந்தது?

1980இல் பர்ட்டன் ஸ்டெய்ன் சோழப் பேரரசின் மையப்பட்ட நிர்வாகம் என்ற சித்திரத்தையே கேள்விக்குள்ளாக்கினார். நொபொரு கராஷிமா கல்வெட்டுகளைக் கணக்கெடுத்து நிலவுடைமை மாறியதைக் காட்டினார்; அவர் பதிப்பித்த சுருக்க வரலாறு 2014இல் வந்தது. சாஸ்திரியைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. சோழர் அத்தியாயத்துக்கு வரும்போது கராஷிமாவையும் பக்கத்தில் விரித்து வையுங்கள்.