கத்தி படாத பரங்கிக்காய்

அக்டோபர் பாதியைத் தாண்டும்போது அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் தெற்கிலும் பரங்கிக்காய் கடை வாசலெல்லாம் குவிந்துவிடும். முதியோர் இல்லங்களிலும் சமூகக் கூடங்களிலும் நீளமேசை போட்டு, பசை, நூல், காய்ந்த இலை எல்லாவற்றையும் பரப்பி வைப்பார்கள். 31ஆம் தேதி ஹாலோவீன். அதற்குள் ஜன்னலுக்கும் வாசற்கதவுக்கும் ஏதாவது செய்தாக வேண்டும். ‘முதியவர்களுக்கான எளிய கைவேலை’ என்று சொன்னதும் கலை ரசிகர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதற்குக் காரணமும் உண்டு. அச்சடித்த பேய்ப் படத்துக்கு வண்ணம் தீட்டு, பிளாஸ்டிக் கண்ணை ஒட்டு என்று எண்பது வயதுக்காரரை எல்.கே.ஜி. பிள்ளையாக்கும் வேலைகள் இதில் ஏராளம். ஆனால் அதே மேசையில் ரசித்துப் பார்க்கத் தக்க வேலைகளும் நடக்கின்றன. இரண்டையும் பிரிக்க நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இதைச் செய்கிறவர் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறதா?

மெழுகில் தோய்த்த இலையை முதலில் சொல்கிறேன். செய்முறை நாலு வரிதான். தேன்மெழுகைச் சிறு பாத்திரத்தில் இட்டு, அதைக் கொதிநீரில் வைத்து உருக்க வேண்டும். நேரடித் தீயில் கூடாது. ஏறத்தாழ 63 டிகிரி செல்சியஸில் மெழுகு உருகிவிடும். ஓரிரவு கனமான புத்தகத்துக்குள் அழுத்தி வைத்த இலையைக் காம்பைப் பிடித்து முக்கி எடுத்துச் சொட்டவிட்டால், சில நொடிகளில் மேலே உறைந்துவிடும். காற்றும் ஈரமும் அண்டாததால் வாரக்கணக்கில் நிறம் நிற்கும். வெறும் இலையில் இல்லாத ஒரு கனமும் மங்கலான பளபளப்பும் இதற்கு வந்துவிடுகின்றன.

மெழுகை உருக்குவது உதவியாளர் பாடு. முதியவரின் வேலை அதற்கு முன்பே, இலையைப் பொறுக்கும்போதே, தொடங்கிவிடுகிறது. இலையின் மஞ்சள் புதிதாக வந்ததில்லை. கோடை முழுக்கப் பச்சையத்தின் பின்னால் மறைந்திருந்த கரோட்டினாய்டு, பச்சையம் சிதைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. அந்தோசயனின் என்ற அந்த நிறமியை இலை பெரும்பாலும் தன் கடைசி வாரங்களில்தான் தயாரிக்கிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் குளிரும் இருந்தால் கூடுதலாகத் தயாரிக்கும். அதனால்தான் ஒரே சர்க்கரை மேப்பிள் மரத்தில் வெயில் பட்ட கிளை செக்கச்செவேலென்றும் நிழற்கிளை மஞ்சளாகவும் நிற்கிறது. தேர்ந்த கண் முழுச் சிவப்பைத் தேடி அலையாது. நரம்போரம் பச்சை இன்னும் போகாத இலை, மேலே இன்னோர் இலை மறைத்த இடம் மட்டும் மஞ்சளாகத் தங்கிவிட்ட இலை, பூச்சி அரித்த இலை என்று பார்த்துப் பார்த்து எடுக்கும். அறுபது வருடம் துணியும் காய்கறியும் புரட்டிப் பார்த்து வாங்கியவர்களுக்கு இந்தக் கண்ணை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

முதுமையும் இலையும் கத்தரிக்கோலும் சேர்ந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு மேரி டிலேனி சாட்சி. 1700இல் பிறந்த இந்த ஆங்கிலப் பெண்மணி, டப்ளினில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர். கணவரை இழந்த பிறகு, 1772இல், தம் எழுபத்திரண்டாம் வயதில் வண்ணத்தாளை வெட்டி ஒட்டிச் செடிகளை உருவாக்கத் தொடங்கினார். பத்தாண்டுகளில் 985 படங்கள். கண்பார்வை மங்கியதும்தான் நிறுத்தினார். இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றின் பின்புலம் கறுப்பு. அந்தக் கறுப்பில் ஒவ்வோர் இதழும் விளக்கடியில் வைத்ததுபோல் எழுந்து நிற்கிறது. சில இடங்களில் தாளுக்குப் பதில் நிஜ இலையையே ஒட்டியிருக்கிறார். பாடம் செய்த இலையைக் கறுப்பு அட்டையில் ஒட்டும் இன்றைய எளிய வேலைக்கு இவரைவிடப் பெரிய முன்னோடி வேண்டாம். இலைகளை வெள்ளைத் தாளில் ஒட்டியதையும் கறுப்பில் ஒட்டியதையும் அருகருகே வைத்துப் பாருங்கள்; மங்கிய பார்வைக்கும் கறுப்பில் விளிம்பு துல்லியமாகத் தெரியும்.

உதவியாளர் கை பட்டால் அது சொந்த வேலையாகுமா என்று கேட்பவர்களுக்கு பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பதில் சொல்வார். 1941இல் நடந்த பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் வாழ்வு பெரும்பாலும் கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் கழிந்தது. உதவியாளர்கள் தாளுக்கு வண்ணம் பூசித் தந்தார்கள், அவர் வெட்டினார், எந்தத் துண்டு எங்கே என்று சொல்லச் சொல்ல அவர்கள் சுவரில் குத்தினார்கள். அதை யாரும் உதவியாளரின் ஓவியம் என்று சொல்வதில்லை.

இனி பரங்கிக்காய். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் முதலில் குடைந்து விளக்கேற்றியது டர்னிப் கிழங்கைத்தான். அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், டர்லாக் பார்க்கில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் அப்படியொரு விளக்கின் பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. சுருங்கிய முகம், இடுங்கிய கண், பல்வரிசை. இன்றைய சிரிக்கும் பரங்கிக்காய்கள் அதன் பக்கத்தில் பேயாகவே தேறாது. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர்களுக்கு அந்த மண்ணின் பரங்கிக்காய் கிடைத்தது. பெரியது, உள்ளே பொள்ளலானது, டர்னிப்பைவிடக் குடைய எளியது. ஆனாலும் அதன் தடித்த தோலில் கத்தியை அழுத்தித் திருப்புவது மூட்டுவலிக் கைக்கு ஆகாது.

ஆகவே கத்தியை விட்டுவிடுகிறார்கள். என் ரசனையில் இது சலுகையே இல்லை; வேலை இதனால் மேம்படுகிறது. குடைந்த காய் சில நாளில் பூஞ்சணம் பிடித்து வாயைக் கோணிக்கொள்ளும். குடையாத காய் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை வரும் அமெரிக்கத் தேங்க்ஸ்கிவிங் வரை தாங்கும். ‘லுமினா’ என்ற வெள்ளைத் தோல் வகையின் மேல், அழுத்திக் காயவைத்த பெரணி இலையை வைத்து, நீர்த்த வெள்ளைப் பசையை அடியிலும் மேலும் தடவினால் போதும். பசை காய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாது. இலை தோலிலேயே வரைந்ததுபோல் படிந்துவிடும். காயின் புடைப்புகளுக்கு இசைவாக இலை வளைந்திருக்கிறதா, குறுக்கே மடங்கி நிற்கிறதா என்பதில்தான் நல்லதும் சுமாரானதும் பிரியும். உள்ளங்கையில் அடங்கும் ‘ஜாக் பி லிட்டில்’ வகையில் ஒற்றை இலைக்கு மேல் வைப்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

பேய் செய்வதிலும் இதே கதைதான். பாட்டிலின் மேல் ஒரு பந்தை வைத்து, கஞ்சியில் முக்கிப் பிழிந்த சல்லடைத்துணியை அதன்மேல் போர்த்தி, இரவெல்லாம் காயவிடுகிறார்கள். காலையில் பாட்டிலையும் பந்தையும் உருவிவிட்டால் உள்ளே ஒன்றுமில்லாமல் துணி தானாக நிற்கும். துணியின் விழுகைதான் இதன் அழகு. ஓரத்தை எவ்வளவு பரப்புவது, எந்த மடிப்பை விரலால் கூர்மையாக்குவது என்று ஈரமாக இருக்கும்போதே தீர்மானிக்க வேண்டும். மடிப்பு நன்றாக அமைந்த பேய்க்குக் கண்கூடத் தேவையில்லை. உள்ளே மெழுகுவத்திக்குப் பதில் பேட்டரி விளக்கு வைப்பது பாதுகாப்புக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள்; அசையாத ஒளியில் துணியின் இழை இன்னும் நன்றாகத் தெரியும்.

அமெரிக்க முதியவர்களுக்கு நினைவைக் கிளறும் பொருள் கிரேப் என்ற சுருக்கத்தாள். மாசசூசெட்ஸைச் சேர்ந்த டெனிசன் நிறுவனம் அதை விற்பதற்காகவே ‘போகி புக்’ என்ற ஹாலோவீன் அலங்காரக் கையேடுகளை 1909இல் தொடங்கி 1930கள் வரை வெளியிட்டது. முதுகை வளைத்த கறுப்புப் பூனை, ஆரஞ்சுத் தாள் மேசைவிரிப்பு என இந்த விழாவின் தோற்றத்தில் பெரும்பங்கு அந்தக் காலத்து அலங்காரங்களிலிருந்து வந்தது. சுருக்கங்களுக்குக் குறுக்காக இழுத்தால் இந்தத் தாள் நீளும். இரு கட்டைவிரலால் நடுவில் மெல்ல அகட்டினால் குழிந்த இதழாகி அப்படியே நிற்கும். கத்தரிக்கோல் பிடிக்க முடியாத கைக்கு இதைவிட இணக்கமான பொருள் இல்லை.

முகம் வரையாமலேயே நிறைவு பெறும் ஒரு பொம்மையும் இந்தப் பருவத்துக்கு உரியது. வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடனோஷோனி மக்கள் மக்காச்சோளக் கதிரின் மட்டையை நனைத்து, மடித்து, கட்டிச் செய்யும் பொம்மை அது. முகத்தை வெறுமையாக விடுவது அவர்கள் மரபு. காய்ந்த மட்டையின் வெளிர்மஞ்சளும் நீளவாக்குக் கோடுகளுமே பாவாடையின் கொசுவமாகிவிடுகின்றன. அதற்குப் பிளாஸ்டிக் கண் ஒட்டுவதைப்போல் ரசனைக்கேடு வேறில்லை.

டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேரப்பிள்ளைகளோடு வாழும் தமிழ்ப் பாட்டிகளுக்கு ஒரு யோசனை. மேப்பிள் இலை மாலைக்கு எல்லோரும் ஊசியும் நூலும் தேடுகிறார்கள். நாரில் கனகாம்பரம் தொடுப்பதுபோல் காம்பை வைத்துச் சுற்றி முடிச்சிட்டால் ஊசியே வேண்டாம்; இலையும் கிழியாது.

மேசையை ஒழுங்கு செய்கிறவர்களுக்கும் சில வார்த்தைகள். காய் உருளாமல் அடியில் ஈரத்துண்டு போடுங்கள். தூரிகைப் பிடியில் பஞ்சு சுற்றித் தடிமனாக்குங்கள். தானே திறந்துகொள்ளும் வில் கத்தரிக்கோல் கொடுங்கள். ஒருவருக்கு ஐந்து இலை தேவையென்றால் ஐம்பதை முன்னால் கொட்டுங்கள். எண்ணி வைத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஒட்டுவது மட்டுமே. பத்துப் பேர் செய்து முடித்ததை வரிசையாக வைக்கும்போது எது யாருடையது என்று உடன் இருந்தவர்களால் சொல்ல முடிந்தால், அன்றைய வேலை நன்றாக நடந்திருக்கிறது. ஜன்னலில் மாட்டும்போது பெயரை எழுதுங்கள், வயதை எழுத வேண்டாம். ‘இந்த வயதிலும்’ என்று தொடங்கும் பாராட்டு, இலையைப் பார்க்காமல் செய்தவரின் நரையைப் பார்க்கிறது.