பூர்வீக வீடும் அதனைக் கட்டிய கூலியும்: டெனிஸ் சொங்கின் குடும்ப வரலாறு பற்றிய ஒரு நோக்கு

1976இல் அலெக்ஸ் ஹேலியின் 'வேர்கள்' வெளிவந்த பின்னர், மூதாதையர் ஊரைத் தேடிச் செல்லும் பயணம் ஆங்கில உரைநடையில் ஒரு தனி வகையாகவே வளர்ந்துவிட்டது. ரிஷிமூலமும் நதிமூலமும் ஆராயலாகாது என்பது நம்மவர் வழக்கு. கடல்கடந்து சென்ற உழைப்பாளரின் வழித்தோன்றல்களோ மூலத்தை ஆராயாது அமையார். குடியேறிய நாட்டின் வரலாறு அவர்தம் முன்னோரைப் பெயரற்றோராக்கியமையே அதற்குக் காரணம். இவ்வகை நூல்களுள், கனேடியச் சீன எழுத்தாளர் டெனிஸ் சொங் 1994இல் வெளியிட்ட 'த கொன்கியுபைன்ஸ் சில்ட்ரன்' தனித்து நோக்கத்தக்கது. தேடிச்சென்ற வீட்டைக் கண்டு நெகிழ்வதோடு அது நின்றுவிடவில்லை. அவ்வீடு யாருடைய உழைப்பில் எழுந்தது என்ற கணக்கையும் கேட்கிறது.

சொங்கின் பாட்டன் சான் சாம், குவாங்டொங் மாகாணத்துக் கிராமமொன்றிலிருந்து 1913இல் கனடா சென்றவர். 1885இல் சீனர்மீது 50 டொலராக விதிக்கப்பட்ட தலைவரி, 1903 முதல் 500 டொலராக இருந்தது. 1923 யூலை முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த சட்டம் சீனர் குடிவரவை ஏறத்தாழ முற்றாகவே தடுத்தது; 1947 வரை அது நீக்கப்படவில்லை. ஊரில் மனைவி இருக்க, மே-யிங் என்ற பதினேழு வயதுப் பெண்ணைச் சான் சாம் பணங்கொடுத்துப் பெற்று, 1924இல் பொய்ப் பத்திரத்தின் துணையோடு வரவழைத்தார். வந்திறங்கியதும் அவள் வன்கூவர்ச் சீனர் வட்டாரத்துத் தேநீர் விடுதியொன்றிற் பரிமாறும் வேலைக்கு அமர்த்தப்பட்டாள். அவளை வரவழைத்த செலவு அவளது கூலியிலேயே கழிக்கப்பட்டது. காமக்கிழத்தி என்னும் சொல் தொல்காப்பியம் பயின்றோர்க்குப் புதிதன்று. ஆயின் மே-யிங்கின் நிலையை அச்சொல் விளக்குவதிலும் மறைப்பதே அதிகம். விலைக்கு வாங்கப்பட்டது அவளது உழைப்பு.

அக்கூலி பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டியது. 1930களில் ஊர் திரும்பிய சான் சாம் தம் செல்வாக்கை ஊரறியக் கட்டிய வீட்டில் அப்பணமும் கலந்திருந்தது. மே-யிங் பெற்ற மூத்த பெண்கள் இருவரும் சீனாவில் முதல் மனைவியின் பொறுப்பில் வளர்ந்தனர். மே-யிங்கோ 1967இல் இறக்கும்வரை அவ்வீட்டின் வாயிலை மிதித்ததில்லை. கனடாவிற் பிறந்த மூன்றாவது மகளே நூலாசிரியரின் தாய். 1987இல், பீஜிங்கில் வாழ்ந்துகொண்டிருந்த சொங் தம் தாயை அக்கிராமத்துக்கு அழைத்துச் செல்கிறார். ஐம்பது வயது கடந்த நிலையிலேயே அத்தாய் தம் உடன்பிறந்த தமக்கையை முதன்முதலாகக் காண்கிறார்.

சீனக் குடும்பமொன்றின் மூலத்தைத் தேடுவோர்க்கு வழமையான சான்றுகள் சில உண்டு. புலம்பெயர்ந்தோரின் கல்லறைக் கற்களில் மாவட்டமும் கிராமமும் பொறிக்கப்பட்டிருக்கும். குடிவரவுப் பத்திரங்கள் உண்டு. 'ஸூபூ' எனப்படும் குலவரலாற்றேடும் உண்டு. ஒரே சீன எழுத்தாலான குடிப்பெயர் கன்டனீஸில் சான் எனவும், மண்டரினில் சென் எனவும், ஹொக்கியனில் தான் எனவும் ஒலிப்பதால் ரோம எழுத்துப் பதிவுகள் தேடுவோரை எளிதில் வழிதவறச் செய்யும். 1966-76 பண்பாட்டுப் புரட்சியின்போது அழிந்த ஏடுகளும் பல. எனினும் இவற்றினும் ஆழமான குறை ஏட்டின் அமைப்பிலேயே உண்டு. அது ஆண்வழியைத் தொடர்வது. மனைவியர் பெரும்பாலும் பிறந்த குடியின் பெயரால் மட்டுமே அதில் இடம்பெறுவர். பொய்ப் பத்திரத்தில் நாடு புகுந்த மே-யிங்குக்குக் குடிவரவுப் பதிவும் உண்மைச் சான்றாகாது. தாயின் நினைவுகளையும் புகைப்படங்களையும் கடிதங்களையும் சொங் ஆதாரமாகக் கொண்டமை இந்நிலையில் தவிர்க்கவியலாதது. நூலின் வலிமையும் அதுவே.

பாட்டியின் குடியையும் சூதாட்டத்தையும் சொங் மறைக்கவில்லை. இந்நேர்மை பாராட்டத்தக்கது. ஆயினும் அவற்றைத் தனிமனிதக் குணமாகக் காணும் போக்கு இடையிடையே தலைதூக்குகிறது. மனைவியரை வரவிடாது ஆண்களை மட்டுமே தேக்கிவைத்த சட்டமே தேநீர் விடுதிப் பெண்ணையும் அவளது இரவு வாழ்க்கையையும் தோற்றுவித்தது. பயிற்சியாற் பொருளியலாளரான சொங் இதனை அறியாதவரல்லர். எனினும் இத்தொடர்பு நூலிற் சிதறியே கிடக்கிறது. இறுதியில் எழும் ஆறுதல் தொனியும் எமக்கு உடன்பாடானதன்று. தாய் இளமையில் அனுபவித்த வறுமைக்கு அவ்வீடு ஒரு பொருள் தந்துவிட்டதாகவே வாசகன் உணர நேர்கிறது. மகளின் மனத்துக்கு அது போதுமாகலாம். மே-யிங்கின் கணக்கு அதனால் தீர்வதில்லை.

1980இல் வெளிவந்த 'சைனா மென்' நூலில் மக்ஸின் ஹொங் கிங்ஸ்ரன் சான்றற்ற இடங்களைக் கற்பனையால் நிரப்பினார். சொங் சான்றையே பெரிதும் பற்றிநிற்பவர். அதனால் ஒரு குரல் இந்நூலில் மெலிந்தே ஒலிக்கிறது: கணவன் கடல்கடந்திருக்க, மற்றொருத்தியின் பிள்ளைகளை வளர்த்த அம்முதல் மனைவியின் குரல்.