வானம் பார்த்த முற்றங்கள்

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரேயாவைப் புகழ்வோர் பலரும் மும்பையின் காஞ்சன்ஜங்கா அடுக்குமாடியிலிருந்தே தொடங்குவர். 1983இல் முடிவுற்ற அக்கட்டடம் 28 மாடி உயரமுடையது. அந்நகரில் கடற்காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. மாலை வெயிலும் பருவமழைச் சாரலும் அதே திசையிலிருந்துதான் தாக்குகின்றன. பழைய பங்களாக்கள் வராந்தாவைக் கொண்டு தீர்த்த இச்சிக்கலை, மாடியின் மூலைகளைக் குடைந்து தோட்டத் தளங்கள் அமைத்துத் தீர்த்தார் கொரேயா. நுட்பமான வேலைதான். எனினும், வசதி படைத்த 32 குடும்பங்களுக்குக் காற்று கிடைத்ததைக் கொண்டு அவரை அளப்பது நமக்கு உடன்பாடன்று. அவரை அளக்க வேண்டிய இடம் நவி மும்பையிலுள்ள பேலாப்பூர்.

1930இல் செகந்திராபாத்தில் பிறந்து, அமெரிக்காவில் பயின்று மீண்டவர் அவர். குளிர்நாட்டார் வீட்டை மூடிய பெட்டியாகக் கட்டுவது அவர்களது தேவை. நம் நாட்டிலோ சமைப்பதும் உறங்குவதும் உரையாடுவதும் ஆண்டின் பெரும்பகுதி வெளியிலேயே நடைபெறக்கூடும். ஆகவே திறந்த முற்றமும் ஓர் அறையே என்பது அவர் கொள்கை. வானம் பார்த்த நிலத்தை நம்மவர் வறுமையின் அடையாளமாகக் கூறுவர். அவரோ வானம் பார்த்த வெளியை ஏழையின் செல்வமாகக் கண்டார்.

1980களில் எழுந்த பேலாப்பூர் குடியிருப்பில் ஏழு வீடுகள் ஒரு பொது முற்றத்தைச் சூழ்ந்துள்ளன. அத்தகைய மூன்று தொகுதிகள் சேர்ந்து, சற்றே பெரிய முற்றமொன்றைப் பெறுகின்றன. மனைகளின் அளவு 45 முதல் 75 சதுர மீட்டர் வரைதான். ஏற்றத்தாழ்வு மிகாதபடி திட்டமிட்ட கணக்கு அது. ஒரு வீட்டின் சுவர் அடுத்த வீட்டிற்குச் சொந்தமன்று. ஆதலின் மகனுக்குத் திருமணமானால் அண்டை வீட்டாரைக் கேளாமலே ஓர் அறை கூட்டிக்கொள்ளலாம். மின்தூக்கி வேண்டாம், ஊர்க் கொத்தனாரே போதும்.

இன்று அங்கே ஓட்டு வீடுகள் பல மறைந்து கான்கிரீட் மாடிகள் எழுந்துள்ளன. இதைக் கொரேயாவின் தோல்வி என்பாருமுளர். வளர இடம் விட்டுக் கட்டியவரின் வீடு வளர்ந்ததைத் தோல்வி என்பது எவ்வாறு பொருந்தும்? புகைப்படத்தின் அழகு குன்றியது. குடும்பத்தின் தேவை நிறைவேறியது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. தாழ்வான வீடுகளுக்கு நிலம் வேண்டும். அதற்காகவே 1960களின் நடுவில் கொரேயாவும் பிரவீணா மேத்தாவும் சிரீஷ் பட்டேலும் துறைமுகத்திற்கு அக்கரையில் புதிய நகரம் காணும் யோசனையை முன்வைத்தனர். அரசு அதை ஏற்றது. ஆனால் தன் தலைமைச் செயலகத்தை அங்கே கொண்டுசெல்லவில்லை. அதே காலத்தில் பழைய நகரின் நரிமன் முனையில் கடலைத் தூர்த்து அலுவலகக் கோபுரங்கள் எழும்பின. பேலாப்பூரின் முற்றங்களைக் குறைகூறுவோர் அந்தக் கோபுரங்களையும் ஒருமுறை ஏறிட்டுப் பார்க்கட்டும்.